நத்தார்க் காலத்துச் சம்பந்தங்கள்: யாழ்ப்பாணத் தீவகத்தில் கத்தோலிக்கக் கலியாணத்தின் கதை

யாழ்ப்பாணத் தீவகத்தின் கத்தோலிக்கக் கிராமங்களில் கலியாணக் காலம் நத்தாரோடு தொடங்கியது. பாலன் பிறப்புத் திருநாளுக்கு ஊர் கூடும். பிரிந்திருந்த உறவுகள் ஒரே கோயில் வளவில் நிற்கும். இளையவர்கள் ஒருவரை ஒருவர் காண்பார்கள். பெரியவர்கள் பேச்சுக்கால் தொடங்குவார்கள். தை மாதத்தில் கூறை எடுத்து, தபசு காலம் பிறக்குமுன் தாலி கட்டி முடிப்பார்கள். திருச்சபையின் சட்டமும் வாடைக்காற்றும் உறவுமுறையும் படகுப் பயணமும் சேர்ந்து உருவாக்கிய வழக்கம் இது. காதலுக்கு அதில் கிடைத்த இடம் குறுகியது, ஆனாலும் இருந்தது.

தீவுகள் எல்லாவற்றிலும் கத்தோலிக்கர் ஒரே அளவில் இல்லை. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் உள்ள நயினாதீவு முதன்மையாகச் சைவர்களின் தீவு. புங்குடுதீவு, அனலைதீவு, வேலணை ஆகியவற்றிலும் சைவர்களே பெரும்பான்மை. ஊர்காவற்றுறை, கரம்பொன், நாரந்தனை, பருத்தியடைப்பு, தம்பாட்டி, மெலிஞ்சிமுனை, அல்லைப்பிட்டி, மண்டைதீவு ஆகிய ஊர்களிலும், எழுவைதீவின் ஒரு பகுதியிலும், நெடுந்தீவின் சில குறிச்சிகளிலும் கத்தோலிக்கர் திரண்டு வாழ்ந்தார்கள். இவர்களிற் பலர் கடற்றொழிலாளர். துறைமுகமும் சுங்கமும் இருந்த ஊர்காவற்றுறையில் தோணி ஓட்டியவர்களும் வணிகரும் இருந்தார்கள். கரம்பொன்னில் ஆசிரியர்களும் உத்தியோகத்தரும் மிகுந்திருந்தார்கள். தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்ததும் கரம்பொன்னிலேதான்.

கலியாணத்தைக் கோயிற் பதிவேட்டில் எழுதும் வழக்கம் இத்தீவுகளுக்குப் போர்த்துக்கேயரோடு வந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசு அவர்கள் கையில் விழுந்தது. பிரான்சிஸ்கன் துறவிகளும் இயேசு சபையினரும் தீபகற்பத்திலும் தீவுகளிலும் கோயில்கள் கட்டினார்கள். 1563இல் திரெந்து பொதுச்சங்கம் வகுத்த விவாக விதிகள் அப்போது புதியவை. மணமக்களின் பெயரை மூன்று திருநாள்களில் கோயிலில் அறிவிக்க வேண்டும், பங்குக் குருவும் சாட்சிகளும் முன்னிற்க வேண்டும், இருவரும் தம் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை. பெற்றோரின் சம்மதம் இல்லாவிட்டால் கலியாணம் செல்லாது என்ற விதியையும் சேர்க்கும்படி பிரெஞ்சுத் தரப்பு அச்சங்கத்தில் வற்புறுத்தியது. சங்கம் அதற்கு இணங்கவில்லை. ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட அந்த முடிவு, பல நூற்றாண்டுகளுக்குப் பிறகும், விரும்பியவரைக் கட்ட நினைத்த தீவகப் பெடியன்களுக்கும் பெட்டைகளுக்கும் பிடிமானமாக நின்றது.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையும் அவர்களிடம் வந்தது. தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களையே அவர்கள் இட்டார்கள். நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றுவரை நிலைத்துள்ளது. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டார்கள். ஞானஸ்நானமும் கலியாணமும் சீர்திருத்தச் சபைக் கோயிலில் நடந்து, பள்ளிக்கூடத் தோம்பில் பதியப்பட்டால்தான் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை உறுதியாயிற்று. ஆகவே பல கத்தோலிக்கக் குடும்பங்கள் அரசாங்கத்துக்காக ஒல்லாந்தக் கோயிலில் பெயர் பதிந்துவிட்டு, மறைந்து திரிந்த குரு ஒருவர் எப்போதாவது வந்தால் அவர் முன்னே தங்கள் முறைப்படி மறுபடியும் வாக்குக் கொடுத்தார்கள்.

அத்தகைய குருக்களில் முதலாமவர் கோவாவிலிருந்து 1687இல் வந்த யோசேவ் வாஸ் அடிகள். பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, சில்லாலையைத் தளமாக்கிக்கொண்டு, இரவுகளில் அவர் பூசை வைத்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், சாமப்பூசைக்குக் கூடியிருந்த ஏறத்தாழ 300 கத்தோலிக்கரை ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் கைதுசெய்தார்கள். தலைவர்கள் கசையடிக்கும் சிறைக்கும் ஆளானார்கள். வாஸ் அடிகள் தப்பிச் சென்று பின்னர் கண்டி இராச்சியத்தில் பணியாற்றினார். 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். பிடிபட்டால் தண்டனை என்று தெரிந்திருந்தும் அத்தனை பேர் ஓரிடத்தில் கூடினார்கள் என்பது, அந்த இரவு ஒரு சமூகத்தைச் சேர்த்துவைக்கும் இரவாக அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டதைக் காட்டுகிறது. குரு இல்லாத காலங்களில் செபங்களையும் பதிவுகளையும் காத்தவர்கள் மூப்பரும் அண்ணாவியாரும். இந்தப் பொதுநிலையினர் அமைப்பை ஊர்தோறும் நிறுவியதுதான் வாஸ் அடிகளின் மிகப் பெரிய சாதனை என்று சொல்லலாம். பிற்காலத்தில், கலியாண அறிவிப்பான ஓலையைக் கோயிலில் வாசிக்குமுன் உறவுமுறையை விசாரித்துச் சொல்லும் பொறுப்பும் இவர்களிடமே இருந்தது.

ஒல்லாந்தர் காலம் விட்டுச்சென்ற மற்றொன்று, 1707இல் தொகுத்துச் சட்டமாக்கப்பட்ட தேசவழமை. திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழக்குகளைத் திரட்டி எழுத, தமிழ் முதலியார்மார் அதைச் சரிபார்த்தார்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகுக்கும் அச்சட்டம் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் ஒன்றுபோலவே பொருந்தியது. கைம்பெண் மறுமணம் செய்தால் முதற்கணவனின் பிள்ளைகளுக்கு என்ன சேரும் என்பதையும் அது விரிவாகச் சொல்கிறது. கடல் ஆண்களை விழுங்கும் ஊர்களில் மறுமணத்துக்கு இடம் இருக்கவே வேண்டும். சட்டமும் திருச்சபையும் அதை ஏற்றன. ஆயினும் ஊர்வாய் எல்லா இடத்திலும் ஏற்றுக்கொள்ளவில்லை.

பிரித்தானியர் 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினார்கள். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் பங்குகளை ஒழுங்குபடுத்தினார்கள். 1886இல் யாழ்ப்பாணம் மறைமாவட்டமாயிற்று. இருந்தும் குருக்கள் போதவில்லை. ஒரு பங்குச் சுவாமியார் பல கோயில்களையும், சில வேளைகளில் பல தீவுகளையும் பார்க்க வேண்டியிருந்தது. அக்காலச் சட்டப்படி ஒரு குரு ஒரு நாளில் ஒரு பூசையே வைப்பது பொதுவிதி. நத்தார் அதற்கு விலக்கு: நள்ளிரவில் ஒன்று, விடியற்காலையில் ஒன்று, பகலில் ஒன்று என மூன்று பூசை வைக்கலாம். எனவே அந்த ஒரு நாளில் அடுத்தடுத்த கோயில்களுக்குப் போய்ப் பூசை வைக்க அவருக்கு வழி இருந்தது. அப்படியும் எட்டாத சிறு குடியிருப்புகளின் மக்கள் வள்ளங்களிலும் தோணிகளிலும் பெரிய கோயிலுக்கு வந்தார்கள். பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டி முன்கூட்டியே வந்து உறவினர் வீடுகளில் தங்கியவர்களும் உண்டு. வாடைக் கடலில் அப்பயணம் எளிதாக இருந்ததில்லை. 1964 டிசம்பர் 22, 23ஆம் நாள்களில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி வடஇலங்கைக் கரையையும் தாக்கியது. நத்தாருக்கு முந்திய நாள்களின் கடல் எப்படிப்பட்டது என்பதற்கு அது கடுமையான சான்று.

கலியாணக் காலத்தை உண்மையில் தீர்மானித்தது திருவழிபாட்டு நாட்காட்டி. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு முதல் மூவிராசாக்கள் திருநாளான சனவரி 6 வரையும், திருநீற்றுப் புதன் முதல் உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு வரையும் ஆடம்பரக் கலியாணங்களைத் திரெந்துச் சங்கம் தடைசெய்திருந்தது. 1918இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பு முதற் தடையை டிசம்பர் 25ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. தபசு தொடங்கும் திருநீற்றுப் புதன் பெப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையில் எந்த நாளிலும் வரலாம். ஆகவே நத்தாருக்குப் பின் கிடைக்கும் இடைவெளி சில ஆண்டுகளில் ஆறு கிழமைக்கும் குறைவு, சில ஆண்டுகளில் பத்துக் கிழமைக்கும் மேல். தபசு முந்தி வரும் ஆண்டில் பேச்சுக்காலை இழுத்தடிக்க முடியாது. ஓலை மூன்று முறை வாசிக்க வேண்டும். அதை ஞாயிறுகளில் மட்டுமன்றிக் கடன் திருநாள்களிலும் வாசிக்கலாம் என்ற விதி இங்கே பெரிதும் உதவியது. நத்தாரன்று ஒருமுறை, அடுத்த ஞாயிறு ஒருமுறை, வருடப் பிறப்பன்று ஒருமுறை என வாசித்தால் ஒரு கிழமைக்குள் வேலை முடிந்துவிடும். வேறு பருவங்களில் இவ்வளவு விரைவாக முடிப்பது அரிது.

அயலில் இருந்த சைவர்களின் நாட்காட்டியும் ஏறக்குறைய இதே தாளத்தில் நடந்தது. மார்கழி திருவெம்பாவைக்குரிய மாதம், அதில் கலியாணம் இல்லை. தை பிறந்தால் வழி பிறக்கும். கத்தோலிக்கரின் திருவருகைக் காலமும் சைவரின் மார்கழியும் ஒரு பகுதி ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. இரு சமயத்தாரும் ஒரே பருவத்தில் நோன்பிருந்து, ஒரே பருவத்தில் பந்தல் போட்டார்கள். இதில் தொழிலும் சேர்ந்திருந்தது. மழைநீரை நம்பிய வேலணை, புங்குடுதீவு வயல்களில் தை மாதத்தில் நெல் வீட்டுக்கு வரும். வாடை வலுத்துக் கடல் கொந்தளிக்கும் நாள்களில் நெடுந்தூரத் தோணிகள் கரையில் நிற்கும். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். சமயச் சட்டம் விதித்த காலமும் கடல் அனுமதித்த காலமும் பொருந்தியதாலேயே இவ்வழக்கம் இத்தனை உறுதியாக நின்றது.

காலம் கூடினாலும் ஆள் கூட வேண்டும். சிறு தீவின் பங்கில் எல்லாரும் எல்லாருக்கும் உறவு. தமிழ் வழக்கில் அம்மான் மகளும் மாமி மகளும் மச்சாள். அவளைக் கட்டுவது உரிமை. திருச்சபைச் சட்டத்தில் அதே மச்சாள் விலக்கப்பட்ட இரத்த உறவு. 1215ஆம் ஆண்டு இலாத்தரன் சங்கம் நான்காம் தலைமுறை வரையிலான உறவினரின் கலியாணத்தைத் தடுத்திருந்தது. 1918க்குப் பின் அது மூன்றாம் தலைமுறையாகக் குறைந்தது. மறுபுறம், சித்தப்பன் மகளைத் தமிழர் தங்கையாகவே கொண்டார்கள். சட்டமோ அவளையும் மச்சாளையும் ஒரே தூரத்தில் வைத்தது. ஞான உறவு இன்னொரு முட்டுக்கட்டை. ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்திய ஞானத்தந்தைக்கும் அப்பிள்ளைக்கும், 1918க்கு முன் அப்பிள்ளையைப் பெற்றவருக்கும்கூட, கலியாணத் தடை இருந்தது. உறவினரையே ஞானப் பெற்றோராக அழைக்கும் ஊரில் இத்தடைகள் பின்னிப் பிணைந்து கிடந்தன.

இவற்றைத் தீர்க்க ஒரே வழி ஆயரின் விலக்கு. மறைபரப்பு நாடுகளின் ஆயர்களுக்கு அதை வழங்கும் அதிகாரம் உரோமையிலிருந்து தரப்பட்டிருந்தது. பங்குச் சுவாமியார் வம்சவரிசையை எழுதி, காரணம் காட்டி, யாழ்ப்பாணம் ஆயர் இல்லத்துக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். இடம் சிறியது, வேறு மாப்பிள்ளை கிடைப்பது அரிது என்பது திருச்சபைச் சட்டமே ஏற்றுக்கொண்ட காரணங்களில் ஒன்று. தீவுகளுக்கு அது சொல்லிவைத்தாற்போலப் பொருந்தியது. கடிதம் போய் மறுமொழி வரும் வரை ஓலை வாசிக்க முடியாது. தபசு நெருங்கும் ஆண்டில் அந்தக் காத்திருப்பு எத்தனை குடும்பங்களை அலைக்கழித்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம். உறவுக்குள் கட்டாமல் அடுத்த தீவில் சம்பந்தம் தேடியவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆகவே எல்லாத் தீவாரும் கூடும் நத்தாரும் பெரிய கோயில்களின் திருவிழாக்களும் புதிய முகங்களைக் காணும் அரிய வாய்ப்புகளாயின.

கோயிலுக்குள் ஆண்களும் பெண்களும் வெவ்வேறு பக்கத்தில் இருந்தார்கள், பெண்கள் முக்காடிட்டிருந்தார்கள். பார்வை பரிமாறக் கோயிலைவிட அதைச் சுற்றிய வேலைகளே அதிகம் இடங்கொடுத்தன. பாலன் கூடு கட்டப் பெடியன்கள் வைக்கோலும் தென்னோலையும் கொண்டுவருவார்கள். பெட்டைகள் சோடனை செய்வார்கள். பாட்டுக்காரர் குழு வீடு வீடாகப் போகும். சாமப்பூசை முடிந்து விளக்குகளோடு கூட்டமாக நடந்து திரும்புவார்கள். விடிந்ததும் பயற்றம் பணியாரம், அரியதரம், முறுக்கு, கொக்கிஸ் நிறைந்த தட்டுகள் வேலி தாண்டிப் போகும். தட்டைக் கொண்டுபோகும் பிள்ளையை மாமிமார் நிதானமாகப் பார்த்துவைத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடங்களின் ஒளிவிழா இவற்றோடு பிற்காலத்தில் சேர்ந்தது. தென்மோடிக் கூத்துக்குப் பெயர்பெற்ற மெலிஞ்சிமுனை போன்ற ஊர்களில் ஒத்திகை மாதக்கணக்கில் நடக்கும். ஆடுபவர் எல்லாரும் ஆண்களே என்றாலும், கூத்துப் பார்க்க வந்து விடியும் வரை இருந்த கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நத்தார்க் கூட்டத்தின் முகம் மாறியது. 1905இல் கொழும்பு வரையான புகையிரதப் பாதை முழுமையடைந்தது. கொழும்பில் எழுதுவினைஞராகவும் கடைச் சிப்பந்திகளாகவும் இருந்த தீவகத்தார் நத்தார் விடுமுறைக்கு ஊர் வந்து திரும்புவது இயலுவதாயிற்று. 1850இல் நிறுவப்பட்ட யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் படித்த இளைஞர்களும், 1862இல் வந்த திருக்குடும்பக் கன்னியரின் பள்ளிகளில் படித்த பெண்களும் அதே டிசம்பர் விடுமுறையில் வீட்டுக்கு வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த இரு தரப்பினர் ஓராண்டில் சில நாள்கள் மட்டும் சந்தித்தபோது கடிதக் காதல் பிறந்தது. ஒரு நத்தாருக்கும் அடுத்த நத்தாருக்கும் இடையில் அதைச் சுமந்தது தபால்.

காதல் வெளிப்பட்டபின் நிகழ்ந்தது எப்போதும் இனிமையாக இருக்கவில்லை. தீவகத்தில் விரும்பிக் கட்டியவை என்று ஒரு தம்பதியைச் சொல்லும்போது அதில் வியப்பும் கண்டனமும் கலந்திருக்கும். பெரிய தடை சாதி. ஒரே கோயிலில் மண்டியிட்டவர்கள் சாதி தாண்டிச் சம்பந்தம் பேச மறுத்தார்கள். திருச்சபைச் சட்டத்தில் சாதி ஒருநாளும் கலியாணத் தடையாக இருந்ததில்லை என்பது அவர்களை அசைக்கவில்லை. இது தீவகக் கத்தோலிக்க வரலாற்றின் ஆறாத புண். அடுத்தது சீதனம். வீடும் வளவும் காசும் இல்லாமல் வந்த மகளை ஏற்க மாப்பிள்ளை வீட்டார் தயங்குவார்கள். அண்ணன் தங்கை இருவரை இன்னொரு வீட்டு அண்ணன் தங்கைக்குக் கொடுக்கும் மாற்றுக் கலியாணம் சீதனச் சுமையைச் சமன்செய்ய ஏழைக் குடும்பங்கள் கண்ட வழி. அதில் ஒரு சோடி விரும்பியும் மறுசோடி இணங்கியும் கட்டியிருக்கக்கூடும்.

இத்தகைய வழக்குகளில் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் சுவாமியாரின் அறைவீடு. இருவரும் சுயவிருப்பத்தோடு சம்மதிக்கிறார்களா என்று தனித்தனியே விசாரிப்பது அவருடைய கடமை. கட்டாயத்தின் பேரில் வாக்குக் கொடுத்தால் அக்கலியாணம் செல்லாது. பெற்றோர் மறுப்பு ஒன்றே தடையாகாது. அதேவேளை பெற்றோர் அறியாமலோ நியாயமாக எதிர்த்தோ நடக்கும் சிறுவயதுக் கலியாணத்தை ஆயரைக் கேட்காமல் நடத்தக் கூடாது என்றும் 1918ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நாட்டின் சட்டமும் குறுக்கே நின்றது: 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம் வயது வராதவர்களுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்டது, அக்காலத்தில் 21 நிரம்பினால்தான் வயது வந்தவர். எனவே சில சோடிகள் காத்திருந்தன, சில சோடிகள் வள்ளம் ஏறி ஓடின. நல்ல சுவாமியார் பெற்றோரை அழைத்துப் பேசி, கோபம் தணிய ஒரு நத்தாரைக் கடக்கவிட்டு, அடுத்த தையில் தாலி கட்டுவித்தார். சிலுவையோ புறாவோ பொறித்த அந்தத் தாலியும் கூறையும் சைவ அயலாருடையதிலிருந்து அதிகம் வேறுபடவில்லை.

வாடைக் காலம் வேறொரு வகைச் சந்திப்பையும் உண்டாக்கியது. மீன் பருவத்தில் வேறு கரைகளிலிருந்து தொழிலாளர் நெடுந்தீவுக்கு வந்து வாடி அமைத்துத் தங்கினார்கள். வந்தவர்களுக்கும் ஊராருக்கும் இடையே கரைவலைப் பாட்டுக்கும் தண்ணீருக்கும் போட்டி எழுந்தது, காதலும் முளைத்தது. செங்கை ஆழியான் 1973இல் எழுதிய ‘வாடைக்காற்று’ நாவல் நெடுந்தீவைக் களமாக்கி இதையே சொல்கிறது; 1978இல் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில் அது திரைப்படமாயிற்று. ஈழத்து நாவல்களுள் தீவகக் கடற்கரையின் காதலை அதன் தொழிலோடும் பருவத்தோடும் பிரிக்காமல் காட்டியதில் இதற்குத் தனி இடம் உண்டு.

போர் இந்தக் கலியாண ஒழுங்கைக் குலைத்தது. 1985 மே 15இல் குமுதினிப் படகில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின் நெடுந்தீவாரின் கடற்பயணமே அச்சத்துக்குரியதாயிற்று. 1990 ஓகஸ்டில் மண்டைதீவும் ஊர்காவற்றுறையும் இராணுவத்தின் கைக்குச் சென்றபோது பெருந்தொகையான மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பல கோயில்கள் ஆளின்றிக் கிடந்தன. இளைஞர்கள் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் கனடாவுக்கும் போனார்கள். கலியாணம் புகைப்படத்திலும் தொலைபேசியிலும் பேசப்பட்டது. கொழும்பிலோ இந்தியாவிலோ தாலி கட்டப்பட்டது. 2002 போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்தபோது திரும்பிவரத் தொடங்கிய சிலரை 2006இல் மீண்டும் மூண்ட போர் சிதறடித்தது. அந்த ஓகஸ்டில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகள் காணாமற்போனார்.

2009க்குப் பிறகு டிசம்பர் மீண்டும் கூடும் காலமாயிற்று. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளோடு குடும்பங்கள் ஊர் வருவதும், கோயில்கள் திருத்தப்படுவதும், நத்தாரை அடுத்த நாள்களில் ஒரே கோயிலில் பல கலியாணங்கள் அடுத்தடுத்து நடப்பதும் வழக்கமாயின. இப்போது நாளைக் குறிப்பது விமானச் சீட்டும் வேலைத்தலத்து விடுமுறையும். 1983இல் வந்த புதிய திருச்சபைச் சட்டத்தொகுப்பு ஆடம்பரக் கலியாணத்துக்கான காலத்தடையைக் கைவிட்டது. ஞான உறவுத் தடையை எடுத்துவிட்டது. இரத்த உறவுத் தடையைச் சொந்த மச்சான் மச்சாள் அளவோடு நிறுத்தியது. திருவருகைக் காலத்திலும் தபசிலும் இன்று கலியாணம் செய்யச் சட்டம் விடுகிறது. தீவகத்தார் பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை. பங்குத்தந்தையரும் அதை ஊக்குவிப்பதில்லை. மச்சாளைக் கட்ட விரும்புகிறவர் இன்றும் ஆயர் இல்லத்திலிருந்து விலக்குப் பெற்றே ஓலை வாசிப்பிக்க வேண்டும்.